பாட்டு ஒன்றுக்கு 9,250 டாலர்

2007 ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றின் நிர்வாக அலுவலகங்களுக்குக் கட்டுக்கட்டாகக் கடிதங்கள் வந்தன. அனுப்பியது ஆர்.ஐ.ஏ.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமெரிக்க ஒலிப்பதிவுத் துறைச் சங்கம். ஆனால் அவை பல்கலைக்கழகத்துக்கு எழுதப்பட்டவை அல்ல. வளாகத்தின் இணைய இணைப்பில், குறிப்பிட்ட ஓர் ஐபி முகவரியிலிருந்து (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்) பாடல்களைப் பகிர்ந்த மாணவருக்கு எழுதப்பட்டவை. அவர் பெயர் சங்கத்துக்குத் தெரியாது, பல்கலைக்கழகத்துக்குத் தெரியும். ஆகவே கடிதத்தை உரியவரிடம் சேர்த்துவிடுங்கள் என்று வேண்டுகோள். உள்ளே இருந்த சேதி இதுதான்: உங்கள் மீது வழக்குத் தொடரப் போகிறோம், அதற்கு முன்பே சமரசத்துக்கு வந்தால் தொகையில் தள்ளுபடி உண்டு. பணம் கட்டுவதற்கென்றே ஓர் இணையதளமும் இருந்தது. வழக்கு எண்ணைப் பதிந்து, கிரெடிட் கார்டில் கட்டிவிட்டு, படிப்பைப் பார்க்கப் போகலாம்.

தண்டத்துக்கு ஆடித் தள்ளுபடி. இசைத் திருட்டை ஒழிக்கப் புறப்பட்ட ஒரு துறை நான்கே ஆண்டுகளில் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தது.

விலை கொடுக்காமல் பாட்டை எடுத்துக்கொள்வது சரியா என்ற கேள்வியில் நான் அதிக நேரம் செலவிடப் போவதில்லை. சரியில்லை. பாடியவர், வாசித்தவர், பதிவு செய்தவர், முதல் போட்டவர் எல்லாருக்கும் அதில் பங்கு உண்டு. அமெரிக்காவில் 1999 இல் 1,460 கோடி டாலராக இருந்த ஒலிப்பதிவு வருவாய், அடுத்த பதினைந்து ஆண்டுகளில் பாதிக்கும் கீழே போனது. அந்தச் சரிவில் இணையத் திருட்டின் பங்கு எவ்வளவு என்று பொருளியலாளர்கள் இன்றும் சண்டையிடுகிறார்கள். பங்கே இல்லை என்று சொல்பவர்கள் சிலரே. டவர் ரெக்கார்ட்ஸ் போன்ற பெருங்கடைகள் 2006 இல் அமெரிக்காவில் கதவை மூடியபோது வேலை இழந்தவர்கள் கற்பனை மனிதர்கள் அல்லர். என்னுடைய கேள்வி வேறு. பொருளைப் பறிகொடுத்தவர், அதைக் காப்பாற்ற எதையெல்லாம் செய்யலாம்?

முதலில் அவர்கள் செய்ததைக் குறை சொல்ல முடியாது. 1999 இல் பாஸ்டனில் படித்துக்கொண்டிருந்த ஷான் ஃபேனிங் என்ற இளைஞர் உருவாக்கிய நாப்ஸ்டர், ஒருவர் கணினியில் இருக்கும் பாட்டை இன்னொருவர் எடுத்துக்கொள்ள வழி செய்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஒலிப்பதிவு நிறுவனங்கள் அதன் மீது வழக்குப் போட்டன. 2001 ஜூலையில் நாப்ஸ்டர் நின்றது. முதலீட்டாளர்களோடு நடந்த ஒரு நிறுவனத்தை, வழக்கறிஞர் வைத்துக்கொள்ளக்கூடிய நிறுவனத்தை, திறந்த நீதிமன்றத்தில் எதிர்த்து வென்றார்கள்.

சிக்கல் அடுத்த தலைமுறையோடு வந்தது. காஸா, குரோக்ஸ்டர், மார்ஃபியஸ் போன்றவற்றில் நாப்ஸ்டரில் இருந்ததுபோல ஒரு மையப் பட்டியல் கிடையாது. 2003 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலஸ் நீதிபதி ஒருவர், வீடியோ பதிவுக் கருவியைத் தயாரித்தவர் மீது எப்படிப் பழி இல்லையோ அப்படியே குரோக்ஸ்டர், மார்ஃபியஸ் நிறுவனங்கள் மீதும் பழி இல்லை என்று தீர்ப்பளித்தார். 2005 இல் உச்ச நீதிமன்றம் அதை ஒருமனதாகப் புரட்டிப் போட்டது. ஆனால் அதற்குள் சங்கம் தன் பார்வையைத் திருப்பிவிட்டிருந்தது. கருவி செய்தவனைப் பிடிக்க முடியாவிட்டால் கருவியைப் பயன்படுத்தியவனைப் பிடிப்போம். 2003 செப்டம்பர் 8 அன்று ஒரே நாளில் 261 தனிமனிதர்கள் மீது வழக்குகள் பதிவாயின.

அந்த 261 பேரில் நியூயார்க்கில் அரசு குடியிருப்பில் வாழ்ந்த 12 வயதுச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள். மறுநாளே அவள் தாய் 2,000 டாலருக்குச் சமரசம் செய்துகொண்டார். மாசசூசெட்ஸில் 66 வயதுச் சிற்பி ஒருவர் மீதும் வழக்கு. அவர் வீட்டில் இருந்தது மேக்கின்டாஷ் கணினி. காஸா அதில் ஓடவே ஓடாது. வழக்கைத் திரும்பப் பெற்றார்கள். பின்னர், 2005 இல், மேற்கு வர்ஜீனியாவில் இறந்துபோன 83 வயது மூதாட்டி மீதும் வழக்குப் போட்டார்கள். இந்தக் கதைகள் அன்றைய பத்திரிகைகளுக்குத் தீனியாயின. நான் இவற்றை அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளமாட்டேன். ஆயிரக்கணக்கில் வழக்குப் போட்டால் சில இடங்களில் கால் இடறத்தான் செய்யும். கவலைப்பட வேண்டியது இடறிய இடங்களைப் பற்றி அல்ல. திட்டமிட்டபடியே, பிழையில்லாமல் நடந்த இடங்களைப் பற்றி.

எப்படி நடந்தது? சங்கம் அமர்த்திய மீடியாசென்ட்ரி என்ற புலனாய்வு நிறுவனம் பகிர்வு வலைகளில் நுழைந்து, யாருடைய கணினியில் என்ன பாடல்கள் திறந்து கிடக்கின்றன என்று பட்டியல் எடுத்தது. கிடைத்தது ஐபி முகவரி மட்டுமே. பெயர் வேண்டுமானால் இணையச் சேவை நிறுவனத்திடம் கேட்க வேண்டும். ஆரம்பத்தில் 1998 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, நீதிபதி பார்க்காமலே நீதிமன்ற எழுத்தர் முத்திரையிட்டுத் தரும் சம்மன்களால் பெயர்களைக் கறந்தார்கள். வெரைசன் என்ற இணையச் சேவை நிறுவனம் எதிர்த்து நின்றதால் 2003 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் கதவை அடைத்தது. உடனே வேறு கதவு. அடையாளம் தெரியாத பிரதிவாதிகளுக்கு அமெரிக்க நீதிமன்றங்கள் வைக்கும் பெயர் 'ஜான் டோ'. பத்து, நூறு ஜான் டோக்களை ஒரே வழக்கில் கட்டி, சேவை நிறுவனத்திடமிருந்து பெயர்களைப் பெற்றதும் வழக்கைக் கைவிட்டுவிடுவார்கள். பிறகு ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கடிதம். வழக்கு என்பது முகவரி கேட்கும் விண்ணப்பமாக ஆகிவிட்டது.

கடிதம் கிடைத்தவர் முன் இருந்த கணக்கு எளிமையானது. சமரசம் என்றால் பெரும்பாலும் 3,000 முதல் 5,000 டாலர் வரை. வழக்காட வேண்டுமானால் வழக்கறிஞர் கட்டணமே அதைப் பல மடங்கு தாண்டும். தோற்றால் சட்டப்படி ஒரு பாடலுக்குக் குறைந்தது 750 டாலர், வேண்டுமென்றே செய்தது என்றால் 1,50,000 டாலர் வரை. இந்தக் கணக்கில் ஒரு விஷயம் இடம்பெறவே இல்லை என்பதைக் கவனியுங்கள்: அவர் அதைச் செய்தாரா இல்லையா என்பது. ஐபி முகவரி இணைப்புக்குப் பணம் கட்டுபவரைக் காட்டும். விசைப்பலகையில் உட்கார்ந்திருந்தவரைக் காட்டாது. மகன், வாடகைக்கு இருப்பவர், கடவுச்சொல் இல்லாத வைஃபையைப் பிடித்துக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரர் யாராகவும் இருக்கலாம். குற்றம் செய்தவருக்கும் செய்யாதவருக்கும் ஒரே தொகைதான் லாபகரமான வழி என்று ஆகும்போது, அந்த ஏற்பாட்டை நீதி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

எதிர்த்து நின்ற சிலர் இதை நிரூபித்தார்கள். ஓக்லஹோமாவில் ஒரு பெண் தன் பெயரில் இருந்த இணைப்பில் மற்றவர் செய்ததற்குத் தான் பொறுப்பல்ல என்று வாதாடினார். ஒலிப்பதிவு நிறுவனங்கள் வழக்கைக் கைவிட்ட பிறகும் நீதிமன்றம் அவற்றை விடவில்லை. 2007 இல் அவருடைய வழக்குச் செலவாக 68,685 டாலர் கொடுக்கும்படி உத்தரவிட்டது. ஓரேகனில் இயலாமை உதவித்தொகையில் வாழ்ந்த ஒரு தாய்க்கு 2008 இல் ஏறத்தாழ 1,08,000 டாலர் கிடைத்தது. இந்தத் தொகைகளைத் திருப்பிப் படித்தால் வேறொரு செய்தி தெரியும். குற்றமற்றவர் என்று காட்டிக்கொள்ள அவர்களுக்கு ஆன செலவு அது. ஐயாயிரம் டாலர் கட்டிவிட்டு வாய் மூடிய ஆயிரக்கணக்கானோரில் இப்படி எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

இனி, விமர்சகர்களுக்கு வசதிப்படாத வழக்கு. மினசோட்டாவைச் சேர்ந்த ஒரு பெண் சமரசத்தை மறுத்து ஜூரியின் முன் நின்றார். தனிமனிதர் மீதான இந்த வழக்குகளில் ஜூரி விசாரணை வரை போன முதல் வழக்கு அது. அவருடைய கணினிக் கோப்புறையில் 1,700க்கும் மேற்பட்ட பாடல்கள் இருந்ததாகக் குற்றச்சாட்டு. வழக்குக்கு எடுத்துக்கொண்டது 24. 2007 அக்டோபரில் ஜூரி விதித்தது பாட்டு ஒன்றுக்கு 9,250 டாலர், மொத்தம் 2,22,000. ஜூரிக்குச் சட்டத்தைத் தவறாக விளக்கிவிட்டேன் என்று நீதிபதி மைக்கேல் டேவிஸ் அந்த விசாரணையை ரத்து செய்தார். 2009 இல் மறுவிசாரணை. இம்முறை பாட்டுக்கு 80,000 வீதம் 19,20,000 டாலர். அதைக் கொடூரமான, அதிர வைக்கும் தொகை என்று சொல்லி நீதிபதி 54,000 ஆகக் குறைத்தார். நிறுவனங்கள் ஏற்கவில்லை. 2010 இல் மூன்றாவது ஜூரி 15 லட்சம் டாலர் என்றது. நீதிபதி மறுபடியும் 54,000 என்றார். 2012 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பழைய 2,22,000க்கே திரும்பிப் போனது. 2013 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. அந்த 24 பாடல்களை ஐடியூன்ஸ் கடையில் ஒன்று 99 சென்ட்டுக்கு வாங்கியிருந்தால் 23 டாலர் 76 சென்ட் ஆகியிருக்கும்.

அவர் அப்பாவி அல்லர் என்றே தோன்றுகிறது. விசாரணைக்கு முன் ஹார்ட் டிஸ்க்கை மாற்றியிருந்தார், அவர் சொன்ன விளக்கங்களை ஜூரி நம்பவில்லை. இந்தப் பெருந்தொகைகளைத் தீர்மானித்தவர்களும் இசை முதலாளிகள் அல்லர். அதே மாநிலத்து சாதாரண மக்கள், மூன்று முறை. பொய் சொன்னதாக அவர்கள் கருதிய ஒருவர் மீது கோபம் வந்தது, கையில் இருந்த அளவுகோல் பாட்டுக்கு ஒன்றரை லட்சம் வரை நீண்டது. அந்த அளவுகோலை அவர்கள் கையில் கொடுத்தது யார் என்பதுதான் விஷயம். 750, 30,000, 1,50,000 என்ற எண்கள் 1999 இல் அமெரிக்க நாடாளுமன்றம் உயர்த்தி வைத்தவை. நஷ்டத்தை நிரூபிப்பது கடினம் என்பதால், நிரூபிக்காமலே கேட்கும் உரிமையைப் பதிப்புரிமை வைத்திருப்பவருக்குச் சட்டம் தந்திருந்தது. ஆயிரக்கணக்கில் போலித் தட்டு அடித்து விற்பவரைப் பிடிக்க அது நல்ல ஆயுதம். காசு வாங்காமல் பகிர்ந்த வீட்டு மனிதரை நோக்கி அதைத் திருப்பலாம் என்று சட்டத்தின் எழுத்து அனுமதித்தது. அனுமதி இருந்தது என்பதற்காகத் திருப்பியது ஒரு தேர்வு. அந்தத் தேர்வுக்குச் சங்கம் பொறுப்பு.

சங்கத்தின் பதில் ஒன்று உண்டு. பொருள் நாள்தோறும் களவு போகும்போது வில்லன் வேடம் போடுவதைத் தவிர வழியில்லை என்ற பொருள்பட அதன் தலைவர் கேரி ஷெர்மன் முதல் நாளே சொன்னார். மிரட்டல் வேலை செய்ததற்கும் அடையாளம் இருந்தது. 2003 மே மாதத்தில் அமெரிக்க இணையப் பயனர்களில் 29 சதவீதத்தினர் பாட்டுப் பதிவிறக்கியதாகச் சொன்னார்கள், ஆண்டு இறுதியில் அது 14 சதவீதமாக இறங்கியது என்றது பியூ நிறுவனத்தின் கருத்துக்கணிப்பு. பயந்தவன் தொலைபேசியில் கேட்பவரிடம் உண்மை சொல்வானா என்ற சந்தேகத்தை ஒதுக்கிவைப்போம். குறைந்தது என்றே கொள்வோம். அப்போதும் அடிப்படைக் குறை அப்படியே நிற்கிறது. மாந்தோப்பில் புகுந்த நூறு பையன்களில் கையில் அகப்பட்ட ஒருவனை மரத்தில் கட்டிவைத்து, நூறு பேர் தின்ற மாங்காய்க்கும் அவன் அப்பனிடம் கணக்குக் கேட்பது தோப்பைக் காக்கலாம். அந்த ஒருவனுக்குச் செய்தது நியாயம் ஆகாது. தண்டனை அவன் செய்ததை அளந்து வரவில்லை, மற்றவர்கள் எவ்வளவு பயப்பட வேண்டும் என்பதை அளந்து வந்தது.

பணம் யாருக்குப் போனது? கலைஞர்கள் பெயரில் நடந்த போர் அல்லவா? மீட்கும் பணம் திருட்டுத் தடுப்புத் திட்டங்களுக்கே திரும்பச் செலவாகிறது என்று சங்கத்தின் பேச்சாளரே சொல்லியிருக்கிறார். மினசோட்டா விசாரணையில் சாட்சி சொன்ன, சோனி பிஎம்ஜி என்ற இசை நிறுவனத்தின் வழக்கறிஞர், இந்த வழக்குகளால் நிறுவனங்களுக்கு நஷ்டம்தான் என்றார். கலைஞர் மீது இத்துறைக்கு இருந்த அக்கறையை அளக்க இன்னொரு சம்பவமும் போதும். 1999 நவம்பரில், செயற்கைக்கோள் தொலைக்காட்சி பற்றிய ஒரு மசோதாவுக்குள் சத்தமில்லாமல் ஒரு வரி நுழைந்தது. ஒலிப்பதிவுகளைக் கூலிக்குச் செய்த வேலையாகக் கருதி, முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு உரிமையைத் திரும்பக் கேட்கும் வாய்ப்பைப் பாடகர்களிடமிருந்து பறிக்கும் வரி. பாடகர்கள் கொதித்தெழுந்ததால் அடுத்த ஆண்டே அதை நீக்கினார்கள். அந்த வரியைச் சேர்த்த நாடாளுமன்ற அலுவலர் மிட்ச் கிளேசியர் அதற்குள் ஆர்.ஐ.ஏ.ஏ.வில் வேலைக்குச் சேர்ந்துவிட்டிருந்தார். இன்னொரு பக்கம், குறுந்தகடு விலை இறங்காமல் பார்த்துக்கொள்ளக் கடைகளுக்குக் கடிவாளம் போட்டதாகப் புகார் எழுந்து, பெரிய நிறுவனங்களும் சில விற்பனைத் தொடர்களும் 2002 இல் பணமும் தட்டுகளுமாக 14.3 கோடி டாலர் மதிப்புக்கு மாநிலங்களோடு சமரசம் செய்துகொண்டன. அந்தச் சமரசத்தின் மை காய்ந்த மறு ஆண்டுதான் 261 வழக்குகள்.

இவை எல்லாம் சட்டத்துக்குள் நின்று செய்தவை. சட்டத்தின் வேலியைத் தாண்டியது 2005 இல் வெளிப்பட்டது. மார்க் ருசினோவிச் என்ற கணினிப் பாதுகாப்பு வல்லுநர், தன் கணினியில் தனக்கே கண்ணில் படாமல் ஏதோ ஒளிந்திருப்பதைக் கண்டு தோண்டினார். அது அவர் காசு கொடுத்து வாங்கிய சோனி பிஎம்ஜி குறுந்தகட்டிலிருந்து வந்திருந்தது. எக்ஸ்சிபி என்று அதற்குப் பெயர். தட்டைக் கணினியில் போட்டுக் கேட்க முயன்றால் அது தன்னை நிறுவிக்கொள்ளும். தன் கோப்புகளைக் கணினியின் பட்டியலிலிருந்தே மறைத்துவிடும். தாக்குதல்காரர்கள் கையாளும் 'ரூட்கிட்' உத்தி அதுவே. அதை நீக்கும் வழி உடன் வரவில்லை. தெரியாமல் கையால் நீக்கினால் குறுந்தகடு இயக்கியே செயலிழக்கும். ஒரு குறிப்பிட்ட எழுத்துத் தொடரில் பெயர் தொடங்கும் எந்தக் கோப்பையும் அது மறைத்ததால், இரண்டே வாரங்களில் வைரஸ் எழுதுபவர்கள் தங்கள் சரக்கையும் அந்த நிழலில் ஒதுக்கினார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் நிறுவனம் தந்த நீக்கி மென்பொருள் இன்னொரு பாதுகாப்பு ஓட்டையைத் திறந்தது என்று பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் எட் ஃபெல்டனும் அலெக்ஸ் ஹால்டர்மனும் காட்டினார்கள். 52 தலைப்புகளில், இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட தட்டுகள் விற்றுப்போயிருந்தன.

பெரும்பாலோருக்கு ரூட்கிட் என்றால் என்னவென்றே தெரியாது, பிறகு அவர்கள் ஏன் கவலைப்பட வேண்டும் என்று வானொலிப் பேட்டியில் கேட்டார் அந்நிறுவனத்தின் மின்னணு வணிகத் தலைவர் தாமஸ் ஹெஸ். அறிவுச்சொத்து உங்களுடையதாக இருக்கலாம், கணினி உங்களுடையது அல்ல என்று நினைவூட்டினார் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் உயர் அதிகாரி ஒருவர். இதில் என்னை மிகவும் உறுத்துவது, பாதிக்கப்பட்டவர்கள் யார் என்பது. காஸாவில் இலவசமாக எடுத்தவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவன் கோப்பு சுத்தமானது. கடைக்குப் போய்ப் பணம் கொடுத்து வாங்கியவனின் கணினிதான் கெட்டது. போதாக்குறைக்கு, எக்ஸ்சிபிக்குள் கட்டற்ற மென்பொருள்களின் நிரல் வரிகள் உரிம நிபந்தனைகளை மீறிக் கலந்திருப்பதையும் நிரலாளர்கள் கண்டுபிடித்தார்கள். பதிப்புரிமையைக் காக்க வந்த மென்பொருளே பதிப்புரிமையை மீறியது. டெக்சாஸ் அரசு வழக்குப் போட்டது. தட்டுகளைத் திரும்பப் பெற்றார்கள். 2007 இல் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தோடு செய்த உடன்படிக்கைப்படி, கெட்ட கணினியைப் பழுதுபார்க்க ஒருவருக்கு 150 டாலர் வரை. பாட்டைப் பகிர்ந்தவருக்கு ஒரு பாட்டுக்கு 9,250, அனுமதியின்றிக் கணினிக்குள் புகுந்தவருக்கு ஒரு கணினிக்கு 150.

இந்த மனநிலை வானத்திலிருந்து குதிக்கவில்லை. 2002 இல் கலிஃபோர்னியா உறுப்பினர் ஹோவர்ட் பெர்மன் கொண்டுவந்த மசோதா, பதிப்புரிமை வைத்திருப்பவர்கள் பகிர்வு வலைகளைத் தொழில்நுட்ப ரீதியாக முடக்கினால் அவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு கேட்டது. நிறைவேறவில்லை. அடுத்த ஆண்டு செனட்டர் ஓரின் ஹாட்ச், பதிவிறக்குபவரின் கணினியைத் தொலைவிலிருந்தே அழித்துவிட முடியுமா என்று ஒரு விசாரணையில் ஆவலோடு கேட்டார். சில நாட்களில் அவருடைய சொந்த இணையதளத்திலேயே உரிமம் பெறாத மென்பொருள் இருப்பதை ஒருவர் கண்டுபிடித்தார். அவர் கணினி பத்திரமாகவே இருந்தது.

2008 டிசம்பரில் தனிமனிதர் மீது கூட்டம் கூட்டமாக வழக்குப் போடுவதை நிறுத்துவதாகச் சங்கம் அறிவித்தது. அதற்குள் 30,000க்கும் மேற்பட்டோர் அந்த ஆலைக்குள் போய் வந்துவிட்டார்கள். அடுத்த மாதமே ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடையில், நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு இல்லாத பாடல்களை விற்க நான்கு பெரும் நிறுவனங்களும் சம்மதித்தன. ஸ்பாட்டிஃபை ஐரோப்பாவில் அப்போதுதான் தொடங்கியிருந்தது. வருவாய் மீண்டும் ஏறியது இந்த வழியில்தான்.

ஜான் டோ உத்தி மட்டும் கடல் கடந்தது. இந்திய நீதிமன்றங்களில் அவருக்கு 'அசோக் குமார்' என்று பெயர். 2012 இல் இந்திய இசைத்துறைச் சங்கம் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் பெற்ற உத்தரவுகளால் 104 பாட்டுத் தளங்களை முடக்கச் சொல்லி நூற்றுக்கணக்கான இணையச் சேவை நிறுவனங்களுக்கு ஆணை போனது. அதே ஆண்டு '3' படத் தயாரிப்பாளர் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாங்கிய அசோக் குமார் உத்தரவைக் காட்டி, மே மாதத்தில் சேவை நிறுவனங்கள் விமியோ, டெய்லிமோஷன் போன்ற முழுத் தளங்களையே மூடிவிட்டன. தங்கள் சொந்தக் காணொளியை அங்கே வைத்திருந்தவர்களுக்கும் சேர்த்து அடைப்பு. ஜூன் 22 அன்று, குறிப்பிட்ட முகவரிகளை மட்டுமே முடக்க வேண்டும் என்று நீதிமன்றம் தெளிவுபடுத்திய பிறகே அவை திறந்தன. அமெரிக்காவில் ஒருவரைத் தேடி முப்பதாயிரம் வீடுகளைத் தட்டினார்கள் என்றால், இங்கே தெருவையே மறித்தார்கள். ஆனால் வீட்டுக்கு வீடு சமரசக் கடிதம் அனுப்பும் தொழில் இங்கே வேர்விடவில்லை. அதற்கு ஆறுதல் கொள்ளலாம்.

அமெரிக்காவில் ஒலிப்பதிவு நிறுவனங்கள் பின்னர் மீண்டும் பெரிய பிரதிவாதிகளிடம் திரும்பின. திரும்பத் திரும்பப் புகார் வந்தும் வாடிக்கையாளர்களின் இணைப்பைத் துண்டிக்கவில்லை என்று காக்ஸ் என்ற இணையச் சேவை நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டு, 2019 டிசம்பரில் வர்ஜீனியா ஜூரியிடம் 100 கோடி டாலர் தீர்ப்பு வாங்கின. 10,017 பாடல்கள், ஒன்றுக்கு 99,830 டாலர். 2024 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தொகையை ரத்து செய்தது. இரு பக்கமும் வழக்கறிஞர் கூலி கொடுக்க முடிந்தவர்கள் என்ற அளவில் இது 2003 ஐ விட நேர்மையான சண்டை. ஆனால் இத்தகைய தீர்ப்புக்குப் பயப்படும் சேவை நிறுவனம் செய்யப் போவது என்ன என்று யோசித்தால், பழைய ஐபி முகவரியிடமே வந்து நிற்கிறோம். பாட்டைப் பகிர்ந்த மகனுக்காகத் துண்டிக்கப்படுவது, பாட்டி மருத்துவரிடம் பேசும், பேத்தி வீட்டுப்பாடம் அனுப்பும் அதே இணைப்பு. அந்த வீட்டில் எவரும் அந்த வழக்கில் வாதியும் அல்லர், பிரதிவாதியும் அல்லர்.